டி.என்.ஏ.வில் தொடங்கி ஆர்.என்.ஏ.வுக்கு வந்துசேரும் ஆய்வு: கொங்கு நாட்டுப் பயிர்களை முன்வைத்து

கோயம்புத்தூரில் மூலக்கூறு உயிரியலைத் தொழிலாகக் கொள்ளும் ஒருவர் ஆய்வுப் பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கரும்பு இனப்பெருக்க நிறுவனம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம், மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலான மையம் என்று மரபுப்பொருளைக் கையாளும் ஆய்வுக்கூடங்கள் ஒரே நகரைச் சுற்றி அமைந்திருக்கின்றன. இத்தகைய இடங்களில் நுழையும் இளம் ஆய்வாளர்களின் பணிவாழ்க்கையில் ஒரு போக்கைக் காணலாம். தொடக்கத்தில் அவர்கள் மரபுச் செய்தி எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பெருக்கி, ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அவர்களில் பலர் ஏதோ ஒரு வழியில், அந்தச் செய்தியிலிருந்து செல் அவ்வப்போது எடுக்கும் படியான ஆர்.என்.ஏ.வின் பக்கம் வந்திருக்கிறார்கள். கருவிகள் மலிந்ததாலும் உலகெங்கும் ஆய்வின் நோக்கு அப்படித் திரும்பியதாலும் இது நடந்தது என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கேள்விகளின் இயல்பே இதற்கு முதன்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்ற ஆண்டு நன்றாக வந்த கரும்பு இந்த ஆண்டு ஏன் வெளுக்கிறது, ஒரே கன்றிலிருந்து பிரித்து நட்ட வாழைகளில் ஒன்றில் மட்டும் ஏன் நோய் தெரிகிறது, ஒரே கழியின் அடிப்பகுதியில் ஏறும் சர்க்கரை நுனியில் ஏன் ஏறவில்லை என்பவை எல்லாம் காலத்தையும் இடத்தையும் பற்றிய கேள்விகள். டி.என்.ஏ. வரிசையை மட்டும் படித்து அவற்றுக்கு விடை காண இயலாது.

இரண்டு மூலக்கூறுகளும் வேதியியலில் நெருங்கிய உறவு கொண்டவை. டி.என்.ஏ. இரட்டை இழையாக நிற்கிறது, ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. மரபுச் செய்தியின் எழுத்துகளாக வரிசையில் நிற்கும் வேதித் தொகுதிகளில், முதலாவதில் தைமின் இருக்கும் இடத்தில் இரண்டாவதில் யுராசில் இருக்கிறது. இவற்றைவிட முக்கியமான வேறுபாடு கண்ணில் படாத அளவுக்குச் சிறியது: ஆர்.என்.ஏ.வின் சர்க்கரைப் பகுதியில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக இருக்கிறது. அந்த அணுவைக் கொண்ட ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்திலுள்ள பிணைப்பைத் தாக்கி இழையைத் தானே அறுக்கவல்லது. அந்த அணு இல்லாத டி.என்.ஏ. குளிரிலும் வறட்சியிலும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது. கிரீன்லாந்தின் உறைந்த மண்ணில் சுமார் 20 லட்சம் ஆண்டுகள் கிடந்த டி.என்.ஏ.வைப் படித்துவிட்டதாக 2022இல் அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். பாக்டீரியாவில் புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வோ சில நிமிடங்களில் சிதைந்துவிடுகிறது. தாவரங்களிலும் விலங்குகளிலும் சில மணி நேரம் நிற்கும். இந்தக் குறுகிய ஆயுளே அதன் பயன் என்றும் சொல்லலாம். புரதம் இனி வேண்டாம் என்றால் தூது தானே மறைய வேண்டும் அல்லவா?

ஒரு கரும்பின் வேர், குருத்து, கழி ஆகிய எல்லாவற்றின் செல்களிலும் டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றுதான். வேர் வேராக இருப்பதும் குருத்து குருத்தாக இருப்பதும் எந்தெந்த மரபணுக்கள் அங்கே ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தவை. சென்னிமலையில் ஜக்கார்டு தறி ஓட்டுபவருக்கு இது எளிதில் விளங்கும்: பூவேலைப்பாடு முழுவதும் துளையிட்ட அட்டைகளின் வரிசையில் இருக்கிறது, ஆனால் இந்த நொடியில் துணியில் என்ன விழுகிறது என்று அறிய வேண்டுமானால், ஊசிகளுக்கு எதிரே இப்போது வந்து நிற்கும் அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூரின் மரபியல் ஆய்வு டி.என்.ஏ.வின் முக்கியத்துவம் தெரிவதற்கு முன்பே தொடங்கியது. கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே 1912இல் நிறுவப்பட்டது. கரும்பு இந்தச் சுற்றுவட்டாரத்தில் நன்றாகப் பூக்கிறது என்பது இடத்தேர்வுக்குரிய காரணங்களில் ஒன்று. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த, இனிப்பான கரும்பை நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்போடு இணைத்தார்கள். அவ்வாறு பிறந்த கோ 205 என்ற இரகம் 1918இல் வெளியாகி வட இந்தியக் கரும்புச் சாகுபடியை மாற்றியது. பெயரின் முன்னால் நிற்கும் ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிப்பது. 1934 முதல் 1939 வரை தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இங்கே பணியாற்றினார். 1897இல் தலச்சேரியில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், கரும்பை மக்காச்சோளம் உள்ளிட்ட பிற புல்லினங்களோடு இணைத்து, பிறந்த செடிகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். பின்னர் இங்கிலாந்து சென்று, சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் வெளியிட்டார்.

இந்த எண்ணும் வேலையைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. கரும்பைப் பொறுத்தவரை அது தவறான மதிப்பீடு என்பேன். தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள். காட்டுக் கரும்பில் அந்த எண்ணிக்கை 40 முதல் 128 வரை மாறுபடும். இரண்டையும் இணைக்கும்போது தாயாகிய தடித்த கரும்பு, வழக்கப்படி பாதியைத் தராமல், பெரும்பாலும் தன்னிடமுள்ள முழுத் தொகுதியையும் பிள்ளைக்குத் தந்துவிடுகிறது. அதனால்தான் இன்றைய ஆலைக் கரும்பில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் நிறைந்திருக்கின்றன. ஒரே மரபணுவுக்குப் பத்துப் பன்னிரண்டு நகல்கள், ஒன்றுக்கொன்று சிறுசிறு எழுத்து வேறுபாட்டோடு. நெல்லில் 24 குரோமோசோம்களும் ஏறத்தாழ 40 கோடி எழுத்துகளும் இருப்பதை எண்ணிப் பார்த்தால், 1,000 கோடி எழுத்துகள் கொண்ட கரும்பை ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தவரின் நிலை புரியும்.

ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் மரபைக் கடத்துவது புரதம் என்றே பலரும் நம்பினார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மீஷர் 1869இலேயே சீழ் படிந்த கட்டுத் துணிகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்திருந்தாலும், அதுவே மரபுப்பொருள் என்பதற்கு வலுவான சான்றை ஏவரியும் அவருடைய துணையாளர்களும் 1944இல்தான் தந்தார்கள். 1953இல் இரட்டைச் சுருளின் வடிவம் தெரிந்தது. 1961இல் தூது ஆர்.என்.ஏ. அடையாளம் காணப்பட்டது, அதே ஆண்டில் நிரன்பெர்க்கும் மத்தேயியும் மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்தார்கள். ஹர் கோவிந்த் கொரானா ஆர்.என்.ஏ. துண்டுகளை விரும்பிய வரிசையில் உருவாக்கி எஞ்சிய சொற்களில் பலவற்றைத் தெளிவாக்கினார். 1968இல் நிரன்பெர்க், ஹாலி ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவர்களில் ராபர்ட் ஹாலியின் உழைப்பு இன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஓர் உட்கரு அமிலத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை முழுமையாகப் படித்தது 1965இல் அவருடைய குழுதான், படிக்கப்பட்டது டி.என்.ஏ. அன்று, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த, 77 எழுத்துகளே கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. ஒரு கிராம் தூய பொருளுக்காக 140 கிலோ ஈஸ்ட்டைக் கரைத்து வடிக்க வேண்டியிருந்தது. டி.என்.ஏ.வை எளிதாகப் படிக்கும் முறையை சாங்கர் 1977இல் உருவாக்கிய பிறகு நிலைமை தலைகீழானது. டி.என்.ஏ. துண்டைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்கும், காரி மல்லிஸ் 1983இல் கண்ட பி.சி.ஆர். முறையும் அதோடு சேர்ந்ததும், டி.என்.ஏ. மாணவர் கையில் தரத்தக்க பொருளாகிவிட்டது. ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டுமானாலும் அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்வதே வழக்கமாயிற்று. அதற்கு உதவும் மறுபடியெடுப்பு நொதியை டெமினும் பால்டிமோரும் 1970இல் தனித்தனியே கண்டிருந்தார்கள்.

இன்று ஆய்வுக்கூடத்தில் முதல் வேலையாக இளையவருக்கு டி.என்.ஏ. தரப்படுவதன் காரணம் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு வருபவருக்கு, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்ற கணக்கில், ஐந்தாண்டுகளுக்குள் முனைவர் பட்டம் முடிய வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது. டி.என்.ஏ. பொறுமையான பொருள். இலையைப் பறித்து ஐஸ் பெட்டியில் வைத்து மாலையில் வந்து அரைக்கலாம், எடுத்த டி.என்.ஏ.வைக் குளிர்ப்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். இன்று தவறினால் நாளை அதே மாதிரியை எடுத்து மீண்டும் செய்யலாம். வாழையைப் போலப் பால் வடியும், பினால் என்ற வேதிப்பொருள் மிகுந்த இலைகள் அரைத்த உடனே பழுப்பேறி டி.என்.ஏ.வைக் கெடுக்கும் என்பதும், கரும்பின் மாவுப்பொருள் கரைசலைக் கூழாக்கும் என்பதும் தொல்லைகள்தான். ஆனால் சிடிஏபி என்ற சவர்க்காரம் போன்ற உப்பைக் கொண்டு இவற்றைச் சமாளிக்கும் முறை 1980களிலிருந்தே வழக்கில் இருக்கிறது.

அந்த வேலைக்குப் பயனும் உண்டு, அதுவும் உடனடியாக. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னைகளை வாட்டும் வேர்வாடல் நோயை எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் காரணமான ஃபைட்டோபிளாஸ்மா என்பது செல்சுவர் இல்லாத ஒரு நுண்ணுயிர். மரத்தின் உணவுக் குழாய்களுக்குள் வாழும் அதைத் தனியே எடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துக் காட்ட முடிவதில்லை. ஓலை வளைவதும் மஞ்சளாவதும் சத்துக் குறைபாட்டாலும் நிகழலாம். ஆகவே மட்டையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் அந்த நுண்ணுயிருக்கே உரிய மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். செய்து பார்ப்பதே நம்பத்தக்க வழி. இருக்கிறது அல்லது இல்லை என்று முடியும் இத்தகைய கேள்விகளுக்கு டி.என்.ஏ. நேரான பதில் தரும். ஒருவரின் முதல் சில ஆய்வுக் கட்டுரைகள் இப்படித்தான் உருவாகின்றன; அதில் குறை காண எதுவுமில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. கொங்குப் பகுதியின் பணப்பயிர்கள் மூன்று, அதாவது கரும்பு, வாழை, மஞ்சள், விதையால் பெருக்கப்படுவதில்லை. கரணை, கன்று, கிழங்கு ஆகியவற்றை வெட்டி நட்டே தலைமுறைகளைக் கடத்துகிறோம். வைரஸ்களில் பல விதைக்குள் புகமுடியாதவை என்பதால் விதை ஒரு வடிகட்டியாகச் செயல்படுகிறது. அந்த வடிகட்டி இந்தப் பயிர்களுக்கு இல்லை. ஒரு முறை உள்ளே நுழைந்த வைரஸ் ஒவ்வொரு நடவிலும் உடன் வருகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் கவுந்தப்பாடிச் சர்க்கரைக்கு மூலமான கரும்பும் விருப்பாச்சி வாழையும் ஆய்வாளருக்குத் தரும் தொல்லையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்: முன்னது குரோமோசோம் மிகுதியால், பின்னது மும்மடங்குக் குரோமோசோம் கொண்டு விதையே பிடிக்காததால். விருப்பாச்சியை மலைத்தோட்டங்களில் அழித்த முடிக்கொத்து நோயின் வைரஸ் டி.என்.ஏ.வாலானது, அதை நேரடியாகக் கண்டுபிடித்துவிடலாம். கரும்பின் மஞ்சள் இலை நோயை உண்டாக்கும் வைரஸ் ஆர்.என்.ஏ.வாலானது. இலையின் நடுநரம்பு அடிப்புறத்தில் மஞ்சளாகி, விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, ‘இரகம் ஓய்ந்துவிட்டது’ என்று சொல்லும்படி செய்யும் இந்த நோய், டி.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுக்கும் ஆய்வாளரின் கண்ணில் படவே படாது.

வாழையின் வரிநோய் இன்னும் நுட்பமானது. எனக்குத் தெரிந்தவரை ஒருவரை டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குத் திருப்புவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் ஊர்ப் பயிர்களில் இல்லை. ‘ஸ்ட்ரீக்’ எனப்படும் இந்த வைரஸின் மரபுப்பொருள் டி.என்.ஏ.; ஆனால் அது பெருகும்போது ஆர்.என்.ஏ.வாகி, மறுபடியும் டி.என்.ஏ.வாக மாறுகிறது. இந்தச் சுற்றில் எப்போதோ ஒரு காலத்தில் அதன் துண்டுகள் காட்டு வாழை ஒன்றின் குரோமோசோமுக்குள்ளேயே பதிந்துவிட்டன. அந்த இனத்தின் வழிவந்த பங்கைத் தன் குரோமோசோம்களில் சுமக்கும் பூவன் போன்ற வாழைகளில், நோயே இல்லாத கன்றிலும் வைரஸின் எழுத்துகள் இருக்கும். ஆகவே வழக்கமான பி.சி.ஆர். சோதனை நல்ல கன்றையும் நோயுற்றதாகக் காட்டிவிடும். சோதனை தவறவில்லை; கேட்ட கேள்விதான் பொருந்தவில்லை. வைரஸின் எழுத்துகள் இருக்கின்றனவா என்பது கேள்வியன்று, அவை விழித்துக்கொண்டனவா என்பதே கேள்வி. கடும் வெப்பநிலை மாற்றம், திசு வளர்ப்பின்போது செல்கள் படும் நெருக்கடி முதலிய சூழல்களில் பதிந்துகிடந்த வரிசை படியெடுக்கப்பட்டு முழு வைரஸாக வெளிப்படக்கூடும். அவ்வாறு நிகழ்ந்திருந்தால் அதற்குரிய ஆர்.என்.ஏ. செடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்காது. எடுத்த ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி வரும் டி.என்.ஏ.வை நொதி கொண்டு முற்றாக அழித்த பிறகே அந்தச் சோதனையைச் செய்ய முடியும் என்பது இதிலுள்ள கண்டிப்பு. ஒரு துளி டி.என்.ஏ. எஞ்சினாலும் பழைய குழப்பமே திரும்பும்.

இவ்விடத்திலிருந்து ஆய்வாளரின் அன்றாட ஒழுங்கே மாறுகிறது. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நம் தோலில் இருக்கிறது, வியர்வையில் இருக்கிறது, தூசியில் இருக்கிறது. கொதிக்கவைத்தாலும் ஆறியதும் மீண்டும் வேலைசெய்யும் அளவுக்கு உறுதியானது அது. கையுறை, தனி மேசை, தனிப் பிப்பெட்டு, நொதியைச் செயலிழக்கச் செய்த நீர் என்று ஒவ்வொன்றும் பிரித்து வைக்கப்படுகின்றன. கோபிசெட்டிபாளையத்துத் தோட்டத்தில் பறிக்கும் இலையை அங்கேயே, அந்த நிமிடத்திலேயே திரவ நைட்ரஜனில் போட்டு, மைனஸ் 80 டிகிரிக் குளிர்ப்பெட்டி வரை உருகவிடாமல் கொண்டுவர வேண்டும். பறிப்பதே செடிக்கு ஒரு காயம். காயத்துக்கு எதிர்வினையாற்றும் மரபணுக்கள் சில நிமிடங்களில் படியெடுக்கப்படத் தொடங்கிவிடும். செடிகளுக்கு உள்ளார்ந்த நாட்கடிகாரம் உண்டு என்பதால் காலை எட்டு மணிக்கு எடுத்த இலையையும் நண்பகலில் எடுத்த இலையையும் ஒப்பிட்டுவிட்டு நோயின் விளைவு என்று எழுத முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் வெப்பத்தைத் தாங்கும் புரதங்களுக்கான ஆர்.என்.ஏ. மட்டுமே ஓங்கி நிற்கும். பத்துத் தோட்டங்களிலிருந்து மாதிரி வேண்டுமென்றால், ஒரே நேரத்தில் எடுப்பதற்குப் பத்து ஆட்களோ, அடுத்தடுத்த பத்து நாட்களில் அதே மணிப்பொழுதோ வேண்டும். திட்ட மதிப்பீடுகளில் இந்தச் செலவுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. வேதிப்பொருளுக்கும் கருவிக்கும் கணக்கெழுதுவோர் விடியற்காலை ஜீப் வாடகையை மறந்துவிடுகிறார்கள்.

அளவிடும் முறையிலும் இதே கடுமைதான். பி.சி.ஆரில் ஒவ்வொரு சுற்றிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. 30 சுற்றுகளில் ஒன்று 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்போது இந்தப் பெருக்கம் வரம். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போது அதுவே பொறி: டி.என்.ஏ. பெருகப் பெருகக் கூடும் ஒளிர்வு எந்தச் சுற்றில் தெரியத் தொடங்குகிறது என்பதைக் கொண்டு அளவைக் கணிக்கிறார்கள் என்பதால், ஒரே ஒரு சுற்று வேறுபட்டாலும் முடிவு இருமடங்காகிவிடும். அதைச் சரிபார்க்க எப்போதும் மாறாத அளவில் இருக்கும் ஒரு மரபணுவை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். கரும்பில் எந்த மரபணு அப்படி மாறாமல் நிற்கிறது என்று தேர்ந்தெடுப்பதே தனி ஆய்வாகிவிடுவதுண்டு. மேலும், செல்லிலிருந்து எடுக்கும் மொத்த ஆர்.என்.ஏ.வில் 80 விழுக்காட்டுக்கு மேல், புரதத்தைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோமுக்கு உரியது. நாம் தேடும் தூது ஆர்.என்.ஏ. சில விழுக்காடு மட்டுமே.

இத்தனை தொல்லையையும் தாண்டி இந்தத் துறைக்குள் ஆட்களை ஈர்த்தது சிறு ஆர்.என்.ஏ.க்களின் கண்டுபிடிப்பு எனலாம். அது தாவரத்தில்தான் முதலில் தலைகாட்டியது. 1990இல் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் ஆழமாக்க நிற மரபணுவின் கூடுதல் நகலைச் செலுத்திய அமெரிக்க ஆய்வாளர்கள், சில செடிகளில் வெள்ளைப் பூக்களைப் பெற்றார்கள். கூடுதல் நகல் இயல்பான நகலையும் சேர்த்து அடக்கிவிட்டிருந்தது. அதன் காரணம் 1998இல் ஃபயரும் மெல்லோவும் புழுவில் செய்த சோதனையால் தெளிந்தது: இரட்டை இழை ஆர்.என்.ஏ. செல்லுக்குள் நுழைந்தால், அதற்கு ஒத்த வரிசையுள்ள தூது ஆர்.என்.ஏ.வைச் செல் தேடி அழிக்கிறது. அதற்கு வழிகாட்டும் சுமார் 25 எழுத்துத் துண்டுகளைத் தாவரங்களில் ஹாமில்டனும் பால்கோமும் 1999இல் காட்டினார்கள். செடி தன்னை ஆர்.என்.ஏ. வைரஸ்களிடமிருந்து காத்துக்கொள்ளும் முறையே இது என்பதும் விளங்கியது. கொங்குப் பகுதிப் பப்பாளித் தோட்டங்களையும் வாட்டும் வளையப்புள்ளி வைரஸுக்கு எதிராக ஹவாயில் 1998இல் பயிருக்கு வந்த மரபணு மாற்றப் பப்பாளி, இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. ஆனால் அதை உருவாக்கத் தொடங்கியபோது உருவாக்கியவர்களுக்கே இந்த வழிமுறை தெரியாது.

சிறு ஆர்.என்.ஏ.வின் மற்றொரு கிளை, பணிவாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது விலக்க முடியாதது. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 1993இல், புழுவின் வளர்ச்சிக் கட்டங்களை முறைப்படுத்தும் 22 எழுத்து ஆர்.என்.ஏ. ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அந்தப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று ஏழு ஆண்டுகள் அது ஓரமாகக் கிடந்தது. 2000இல் இரண்டாவது ஒன்று கிடைத்து, அது மனிதர் வரை பல விலங்குகளில் இருப்பது தெரிந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. நோபல் பரிசு வந்தது 2024இல். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா சென்ற கத்தலின் கரிக்கோவின் கதை தடுப்பூசி காரணமாக நம்மிடையே அதிகம் அறியப்பட்டது. தூது ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க முயன்றவருக்கு நிதி கிடைக்கவில்லை, 1995இல் பதவியும் இறங்கியது. யுராசிலைக் கொண்ட எழுத்தைச் சற்று மாற்றினால் உடல் அதை எதிர்ப்பதில்லை என்று 2005இல் ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து காட்டியதற்கு 2023இல் பரிசு. இவற்றை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அதைவிட, மூன்றாண்டுத் திட்டங்களாக நறுக்கப்பட்ட நிதிமுறையில் இத்தகைய ஆய்வுகள் எப்படித் தப்பிப் பிழைத்தன என்று கேட்பது பயன்தரும். கரும்பு தோட்டத்தில் நிற்பதே பத்துப் பன்னிரண்டு மாதம். தமிழகத்தில் பரவலாகப் பயிராகும் கோ 86032 இரகத்தின் பெயரிலுள்ள 86 என்பது 1986ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சாகுபடிக்கு வெளியானது 2000இல். இந்தப் பயிரின் காலக்கணக்கும் திட்ட நிதியின் காலக்கணக்கும் ஒத்துப்போவதே இல்லை.

முழுக் கரும்பின் டி.என்.ஏ. வரிசை வந்துசேர்வதற்கும் அப்படித்தான் காலம் பிடித்தது. ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்ற இரகத்தின் ஒரு தொகுதியை மட்டும் ஒட்டுப்போட்டுப் படித்த வடிவம் 2018இலும், பல நகல்களையும் பிரித்துக்காட்டும் 870 கோடி எழுத்து வடிவம் 2024இலும் வெளியாயின. அது வந்ததும் ஆர்.என்.ஏ. ஆய்வின் தேவை குறைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும், நடந்தது நேர்மாறு. ஒரு மரபணுவுக்குப் பன்னிரண்டு நகல்கள் இருப்பது எழுத்து எழுத்தாகத் தெரிந்துவிட்ட பிறகுதான், அவற்றில் எந்த நகல் சர்க்கரை ஏறும் அடிக்கணுவில் படியெடுக்கப்படுகிறது, எது வறட்சியில் எழுகிறது, எது எப்போதும் உறங்குகிறது என்று கேட்கவே வழி பிறந்தது. முன்பு பன்னிரண்டையும் ஒன்றாகவே அளந்துகொண்டிருந்தோம். இந்த வேலையில் பெரும்பகுதி இப்போது கணினியில் நடக்கிறது. திரவ நைட்ரஜன் குடுவையோடு தோட்டத்துக்குப் போனவர் நாற்பது வயதுக்கு மேல் நிரல் எழுதக் கற்றுக்கொள்வதும், கற்றுக்கொள்ளாதவர் மாணவரை நம்பி இருப்பதும் இன்று சாதாரணம்.

மரபணுத் திருத்தம் இந்தக் கேள்விக்கு மேலும் கூர்மை சேர்த்திருக்கிறது. டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும், 2012இல் டவுட்னாவும் சார்பென்டியரும் அறிவித்த கிரிஸ்பர் முறையில் வெட்டுமிடத்துக்கு வழிகாட்டுவதும் ஒரு சிறு ஆர்.என்.ஏ.தான். நெல்லில் இத்தகைய திருத்தம் செய்யப்பட்ட இரண்டு இரகங்களை இந்தியா 2025இல் அறிவித்தது. கரும்பில் அதே வேலை பல மடங்கு கடினம். ஃபுளோரிடாவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பச்சையம் உருவாவதற்குத் தேவையான ஒரு மரபணுவின் 49 நகல்களைக் குறிவைக்க வேண்டியிருந்தது. உண்மையில் வேலைசெய்யும் நகல் எது என்று ஆர்.என்.ஏ. காட்டிக்கொடுத்தால் வெட்ட வேண்டிய இடங்கள் குறையலாம்.

ஆயினும் இரகங்களை உருவாக்குபவரின் மேசைக்கு ஆர்.என்.ஏ. நேரடியாக வந்துவிடாது. கோயம்புத்தூரில் ஆண்டின் இறுதி மாதங்களில் கரும்பு பூக்கும்போது செய்யப்படும் கலப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் குறித்த மணியில் இலை பறித்து, உறையவைத்து, படியெடுப்பை அளப்பது நடக்காத காரியம். நாற்றுப் பருவத்தில் அளந்தாலும் ஓராண்டு கழித்துக் கழியில் சர்க்கரை ஏறும்போது என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது. ஆகவே முதிர்ந்த சில செடிகளில் ஆர்.என்.ஏ. ஆய்வு செய்து, காரணமான நகலைக் கண்டறிந்து, அந்த நகலை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் ஓரிரு எழுத்து வேறுபாட்டை டி.என்.ஏ. குறியீடாக மாற்றித் தருகிறார்கள். நாற்றங்காலில் நின்று இலைத்துண்டைக் கிள்ளி ஐஸ் பெட்டியில் போடுபவருக்கு அது போதும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆர்.என்.ஏ.வில் உழைத்தவரின் முடிவு, அவர் முதலாண்டில் செய்த அதே சோதனையின் வடிவில், அடுத்துச் சேரும் மாணவரிடம் தரப்படுகிறது; இம்முறை எந்த எழுத்தைத் தேட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.